தூய மின்சாரமும் துடைக்கும் கைகளும்

'தூய மின்சாரம்' என்னும் சொற்றொடர் இந்நாளில் செய்தித்தாள்களிலும் மேடைகளிலும் அடிக்கடி வழங்குகின்றது. காற்றாலை தரும் மின்சாரம் தூயது, கதிரவன் தரும் மின்சாரம் தூயது என்று கூறி வந்தவர்கள், இப்பொழுது அணுவுலை தரும் மின்சாரத்தையும் அவ்வரிசையில் அமர்த்தியிருக்கின்றார்கள். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மத்திய அரசு வெளியிட்ட வரவு செலவுத் திட்டத்தில், 2047-ஆம் ஆண்டுக்குள் நாட்டின் அணுமின் திறனை 1,00,000 மெகாவாட் அளவுக்கு உயர்த்துவதெனக் குறிக்கோள் வகுத்தார்கள். அப்பொழுது நாட்டில் இருந்தது ஏறத்தாழ 8,000 மெகாவாட்டே. எட்டாயிரம் எங்கே, இலட்சம் எங்கே! இத்தனை உலைகளைக் கட்டவும், ஓட்டவும், பழுது பார்க்கவும் எத்தனை ஆயிரம் கைகள் வேண்டியிருக்கும் என்னும் கணக்கை மட்டும் நாங்கள் படித்த பத்திரிகைகளில் காணோம்.

பாண்டுப்பில் வாழும் தமிழர்களாகிய எங்களுக்கு இஃது அயலூர்ச் செய்தி அன்று. தெற்கே டிராம்பே குன்றின் அடிவாரத்தில், கடற்கழியை ஒட்டி, பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. வடக்கே கரையோரமாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் தாராப்பூர். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் முதல் மின்சாரம் விற்கத் தொடங்கிய, இந்தியாவின் முதல் அணுமின் நிலையம் அங்கேதான் எழுந்தது. அதன் மின்சாரத்தை மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் பங்கிட்டார்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் உள்ள நம் உறவினர் வீடுகளுக்கு பெஸ்ட் நிறுவனம் மின்சாரம் வழங்குகின்றது. பாண்டுப், முலுண்டு வாசிகளுக்கோ மாநில அரசின் மின்விநியோக நிறுவனமே வழங்குகின்றது. ஆகவே தாராப்பூரில் பிறந்த மின்சாரத்தில் ஏதோ ஒரு துளி எங்கள் வீட்டு விளக்குகளிலும் எரிந்திருக்கும் என்று கொள்வதில் பிழை இல்லை. இவை போதாவென்று, எங்களுள் பலருக்குத் திருநெல்வேலிச் சீமையே பிறந்தகம். கூடங்குளம் எங்களுக்குப் பத்திரிகையில் படித்து அறிந்த பெயரன்று. அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஊர்.

இம்மின்சாரம் உண்மையிலேயே தூயதுதானா? புகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், தூயதென்றே சொல்ல வேண்டும். புகை இன்னதென்று செம்பூர் அன்பர்களுக்கு நாங்கள் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1950-களில் மாகுல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. டிராம்பேயில் டாட்டாவின் அனல்மின் நிலையம் வந்தது. பின்னர் உரத் தொழிற்சாலை வந்தது. அக்காற்றைக் குடித்தே அங்கு இரண்டு தலைமுறைகள் வளர்ந்தன. உலக நாடுகளின் பருவநிலை அறிஞர் குழு 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. சுரங்கத்தில் தோண்டுவது முதல் நிலையத்தை இடித்து அகற்றுவது வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க நடுமதிப்பாக 820 கிராம் கரியமில வாயுவுக்கு ஈடான புகை வெளிப்படுகின்றது. அணுவுலையில் 12 கிராம். காற்றாலையும் ஏறக்குறைய அதே அளவே. இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ளுவோர் கண்ணை மூடிக்கொண்டு பேசுபவராவர்.

அனல்மின் நிலையம் உயிர் வாங்காமல் இருப்பதும் இல்லை. 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நெய்வேலியில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் எண்ணூரில் கட்டப்பட்டு வந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து 9 பேர் இறந்தனர். பிழைப்புத் தேடி அஸ்ஸாமிலிருந்து வந்த ஏழைகள் அவர்கள். நாம் இங்கு வந்தது போல் அவர்கள் அங்கு வந்தார்கள். அச்செய்தியைப் படித்த அன்று எங்கள் வாசகசாலையில் வெகு நேரம் யாரும் பேசவில்லை.

எனவே, அணு வேண்டாம், கரியே போதும் என்று வாதாட இதனை எழுதவில்லை. தூய்மை என்பது வீட்டில் இருந்தால், அவ்வீட்டைப் பெருக்கித் துடைப்பவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். அவர் யார், அவருடைய நலத்தை யார் எண்ணுகின்றார் என்பதே எங்கள் கேள்வி.

டிராம்பேயிலிருந்தே தொடங்குவோம். அணுசக்திக் கமிஷன் 1948-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் அமைக்கப்பெற்ற பொழுது, டாக்டர் ஹோமி பாபாவுடன் அங்கம் வகித்தவர்களுள் ஒருவர், வத்திராயிருப்பில் பிறந்த விஞ்ஞானி சர் கே. எஸ். கிருஷ்ணன். 1954-இல் டிராம்பே நிலையம் தோன்றியது. 1956-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள் அங்கே 'அப்ஸரா' என்னும் உலை உயிர்பெற்றது. நீர்த்தொட்டியின் அடியில் நீலநிற ஒளி எழுவதைக் கண்டு பண்டித நேரு அதற்கு அப்பெயரை இட்டார். 1957 முதல் அங்குள்ள பயிற்சிப் பள்ளியில் நாடெங்குமிருந்து பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றினார்கள். தமிழ்நாட்டு இளைஞர் பலர் அப்பள்ளியின் வாயிலாகப் புகுந்து, அணுசக்தி நகரில் குடியேறி, செம்பூர்ச் சபாக்களில் கச்சேரி கேட்டு, ஓய்வு பெற்று, பெயரன் பெயர்த்திகளைக் கண்டார்கள். அவர்களைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு. அவ்வேலிக்குள் மின்சார ஆராய்ச்சி மட்டும் நடைபெறவில்லை என்பதையும் கூறாமல் விடுதல் நேர்மையன்று. 1974-இல் பொக்ரானில் வெடித்த குண்டின் புளுட்டோனியம், கனடா நாட்டார் உதவியுடன் அங்கே கட்டப்பட்ட ஸைரஸ் உலையில் உண்டானதே.

வேலிக்கு வெளியே இருந்த தமிழரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மான்குர்டுக்கு அருகே ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. ஏறத்தாழ 70,000 பேர் அங்கு வாழ்ந்தனர் என்பர். தமிழர் தொகை அதிகம். எங்கள் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் இளமையில் அங்குக் குடியிருந்தவர். பகலெல்லாம் அணு நிலையத்துக்குள் சாந்துச் சட்டி சுமப்பார். மாலையில் குடிசைக்குத் திரும்பி, தண்ணீருக்காக வரிசையில் நிற்பார். அக்காலனியில்தான் கோலார் தங்கவயலிலிருந்து தச்சுத் தொழில் கற்று வந்த ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழ் இளைஞர் குடியேறினார். நகராட்சி குப்பையை எடுக்கவில்லை என்று கண்டபொழுது, காலனிக் குழந்தைகளிடம் ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைக் கொடுத்து, ஊர்வலமாக அழைத்துச் சென்று, நகராட்சி அலுவலக வாயிலில் கொட்டச் செய்தவர் அவர். தூய்மையைக் கேட்டுப் பெற இதைவிட நேரான வழியை நாங்கள் அறியோம்.

அணு நிலையத்தின் விரிவுக்கு அந்நிலம் வேண்டும் என்றார்கள். அற்புதமும் அவர் தோழர்களும் நீதிமன்றம் ஏறினார்கள். தில்லி வரை சென்று முறையிட்டார்கள். ஆயினும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டு மே திங்களில், போலீஸார் பெருந்திரளாக வந்து நிற்க, ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்களைச் சீட்டா காம்ப் என்னும் சதுப்பு நிலத்தில் கொண்டு விட்டார்கள். அன்று கையில் அம்மிக் குழவியும் முதுகில் தங்கையுமாக நடந்ததை அந்த மூத்த அன்பர் இன்றும் சொல்லுவார். அற்புதம் பிற்காலத்தில் மாக்ஸேஸே விருதும் பத்மஸ்ரீயும் பெற்று, 2018-இல் காலமானார். உலைகளின் வரலாற்றை எழுதுவோர் அப்ஸராவின் நீல ஒளியை மறவாமல் குறிக்கின்றனர். ஜனதா காலனியைக் குறிப்போர் அரியர்.

இனி, வேலிக்கு உள்ளே நிகழும் வேலையைப் பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் எங்கள் சங்கத்துக்கு வந்தார். நாங்குநேரிப் பக்கத்தவர்; கணவரை இழந்தவர்; பாண்டுப் மேற்கில் இட்லி மாவு அரைத்து விற்று மகனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தவர். அம்மகன் பிட்டர் வேலை கற்றவன். ஓர் அணுமின் நிலையத்தில் உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஆறு வார வேலைக்குத் துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் அவனை அழைத்திருந்தார். அம்மையார் எங்கள் செயலாளரைப் பார்த்து, "அண்ணாச்சி, சுத்தமான கரண்டுன்னு பேப்பர்ல போட்டிருக்காவ. பின்ன எதுக்கு எம்புள்ளை நெஞ்சுல ஒரு வில்லையை மாட்டி உள்ள அனுப்புதாவ?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு எங்களால் இயன்ற அளவு விடை கூறினோம். அவ்விடையை இங்கும் எழுதுகின்றோம். பல வீடுகளுக்குப் பயன்படக் கூடும்.

அவ்வில்லைக்குள் மூன்று சிறு தட்டுகள் உண்டு. கால்சியம் ஸல்பேட் என்னும் உப்பில் டிஸ்புரோஸியம் என்னும் உலோகத்தை இம்மியளவு சேர்த்து அத்தட்டுகளைச் செய்கின்றார்கள். கதிர்வீச்சு பட்டால் அவை அதனைத் தம்முள் சேமித்துக் கொள்ளும். பின்னர் ஆய்வுக்கூடத்தில் சூடேற்றினால் சேமித்ததை ஒளியாக வெளிவிடும். ஒளியின் அளவைக் கொண்டு, அணிந்தவர் உடல் ஏற்ற கதிர்வீச்சைக் கணக்கிடுவர். கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற, சூடற்ற ஒன்று உடலில் பட்டதா என்பதை அறிய அவ்வில்லையே சாட்சி. ஆகவே வில்லை அணிவிப்பது தீமையின் அறிகுறியன்று. அணிவிக்காமல் அனுப்பினால்தான் அஞ்ச வேண்டும். சிலர் உள்ளே செல்லுமுன் வில்லையைச் சட்டைப்பையோடு கழற்றி ஆணியில் மாட்டி விடுவதும் உண்டு. அளவு மிகுந்தால் வேலை போய்விடும் என்னும் அச்சமே காரணம். அவ்வாறு செய்பவர் தம் கண்ணைத் தாமே கட்டிக் கொள்கின்றார்.

அளவு எவ்வளவு? இதனை மில்லிசீவெர்ட் என்னும் அலகால் கூறுவர். பூமியிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஒவ்வொரு மனிதனும் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட் பெறுகின்றான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனஸைட் கலந்த மணல் இருப்பதால், அங்கு இயற்கை அளவே கூடுதல். அணுத் தொழிலாளிக்கு நம் நாட்டு ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டலாகாது. முன்பு வரம்பு 50 ஆக இருந்தது. 1990-இல் சர்வதேச அறிஞர் குழு குறைக்கச் சொன்ன பின்னர் இறங்கியது. வேலி தாண்டி வாழும் பொதுமக்களுக்கோ நிலையத்தால் வருவது ஆண்டுக்கு 1-க்கு மேல் போகலாகாது. தொழிலாளிக்கு இருபது, ஊராருக்கு ஒன்று. ஏன் இந்த வேற்றுமை? தொழிலாளி அறிந்து, இசைந்து, கூலி பெற்று அதனை ஏற்கின்றான் என்பது சட்டத்தின் கருத்து. அறிந்து, இசைந்து என்னும் சொற்கள் இரண்டையும் நாங்கள் அடிக்கோடிட்டுப் படிக்கின்றோம்.

உலை ஓடிக்கொண்டிருக்கும் பொழுது கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர் பெறும் கதிர்வீச்சு பெரும்பாலும் சொற்பமே. உலையை நிறுத்தி, குழாய்களைக் கழற்றி, கசிந்த நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, தரையைத் துடைத்து, துடைத்த துணியைப் பையில் கட்டி, அப்பையைச் சுமந்து செல்லும் நாட்களில்தான் அளவு ஏறும். கல்பாக்கத்தைப் போன்ற கனநீர் உலை ஒன்றில் 306 எரிபொருட் குழாய்கள் உண்டு; கல்பாக்கத்து உலைகள் இரண்டிலும் அவை அனைத்தையும் 2002 முதல் சில ஆண்டுகள் முயன்று புதிதாக மாற்றினார்கள். இயந்திரக் கைகள் பல உதவின. ஆயினும் மனிதக் கைகள் இன்றி அவ்வேலை முடிவதில்லை. இத்தகைய காலங்களில் நிரந்தர ஊழியரோடு ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்க்கப்படுகின்றனர். நிரந்தர ஊழியருக்குச் சங்கம் உண்டு, மருத்துவமனை உண்டு, ஓய்வூதியம் உண்டு. அவர் பெற்ற அளவு ஆண்டுதோறும் ஏட்டில் ஏறும். ஆறு வாரம் வந்து போகிறவன் கதை வேறு.

அவ்விளைஞன் ஆறு வாரம் வேலை செய்தான். நல்ல கூலி பெற்றான். தாய்க்கு மாவரைக்கும் புதிய இயந்திரம் வாங்கிக் கொடுத்தான். வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான். எட்டுத் திங்கள் கழித்து வேறொரு நிலையத்தில் அதே போன்ற வேலைக்கு வேறொருவர் அழைத்தார். முன்பு எங்கேனும் கதிர்வீச்சுப் பணி செய்ததுண்டா, பெற்ற அளவு என்ன என்று படிவத்தில் ஒரு வினா. அவன் கையில் காகிதம் ஒன்றும் இல்லை. முதல் ஒப்பந்தக்காரரைக் கேட்டால், "அதெல்லாம் ஆபீஸில் இருக்கும்" என்றார். இரண்டாமவரோ, "இதுவே முதல் தடவை என்று எழுது தம்பி; வேலை தாமதமாகும்" என்றார்.

இவ்விடத்தில் அன்பர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். உண்மையை எழுதினால் வேலை தள்ளிப் போகலாம். வேறொருவன் அந்த இடத்தில் புகலாம். பொய்யை எழுதினால் முதல் ஆறு வாரம் அவன் உடல் ஏற்றது கணக்கிலிருந்து அழிந்துவிடும்; ஐந்தாண்டுச் சராசரி என்று சட்டம் கட்டிய வேலிக்குள் அவன் இல்லாமலே போய்விடுவான். அந்தக் கூலி அவன் வீட்டில் யாருக்கும் விளையாட்டன்று. பொய் எழுதாதே என்று சொல்வது எங்களுக்கு எளிது. எங்கள் வீட்டில் மாவரைத்து யாரும் பிழைக்கவில்லை. ஆயினும் சொன்னோம். அவன் இரண்டு நாள் யோசித்து, உண்மையையே எழுதினான்.

நாட்டில் கதிர்வீச்சுப் பணி செய்வோர் அனைவருடைய அளவையும் சேர்த்து வைக்கும் பதிவேடு ஒன்று டிராம்பேயில் பேணப்படுகின்றது. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும் தொழிலாளி தன் அளவை அறியும் உரிமையை ஏற்றவையே. இவற்றை எடுத்துக் காட்டி, சங்கத்தின் வாயிலாக மூன்று கடிதங்கள் எழுதினோம். முதல் கடிதத்துக்கு விடையில்லை. இரண்டாவது, முகவரி தவறென்று திரும்பி வந்தது. முகவரி சரியாகவே இருந்தது. மூன்றாவது கடிதத்துக்கு, பதினொரு வாரம் சென்று, ஒரு காகிதம் வந்தது. அவன் பெற்றது 3 மில்லிசீவெர்ட்டுக்கும் குறைவு. வரம்புக்கு வெகு உள்ளே. தாய் அக்காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவாமி படத்தின் பின்னே செருகி வைத்தார். அதற்குள் இரண்டாவது வேலை முடிந்தே போயிற்று. இளைஞன் இப்பொழுது முலுண்டில் மின்தூக்கி பழுது பார்க்கின்றான், கூலி குறைவு. தாய்க்கு நிம்மதி, மகனுக்கு இன்னும் சிறு வருத்தம். அவ்வருத்தம் நியாயமற்றது என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

இவ்வளவு நாள் இழுக்க வேண்டிய காகிதமா அது? ஒரு சிறு அட்டையில் எண் எழுதி, வாயிலைக் கடக்கும்பொழுதே அவன் கையில் கொடுத்திருக்கலாம். பால் சங்கத்தில் ஊற்றிய பாலுக்குக் கூட அன்றன்றே அட்டையில் குறித்துக் கொடுக்கின்றார்களே!

அணுத் துறையில் பணிபுரிவோரின் திறத்தையோ நெஞ்சுரத்தையோ நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 1993-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்து நரோராவில், விடியுமுன், சுழலியின் தகடுகள் முறிந்து தீப்பற்றிற்று. கம்பிகள் எரிந்து நிலையமே இருளில் மூழ்கியது. பதினேழு மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்தது. அந்நிலையில் ஊழியர் சிலர் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு உலைக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, தம் கையாலேயே வால்வுகளைத் திறந்து, உலைக்குள் போரான் கரைசலைப் பாய்ச்சினார்கள். அது உலை மீண்டும் கனன்றெழாமல் தடுக்கும் மருந்து. அவர்கள் அன்று ஏறியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்குமென்று எண்ணவும் அஞ்சுகின்றோம். அவர்கள் பெயர்கள் பள்ளிப் புத்தகங்களில் இல்லை.

2003-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கல்பாக்கத்து மறு சுத்திகரிப்பு ஆலையில் வால்வு ஒன்று பழுதானதை அறியாமல் பணிபுரிந்த ஆறு பேர் வரம்பைப் பன்மடங்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அங்கே அளவிடும் கருவி பொருத்தப்பட்டிருக்கவில்லை. முழு நேரப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்று ஊழியர் சங்கம் கேட்டது. செய்தி ஊராருக்கு எட்டியதோ பல திங்கள் சென்ற பின்னரே. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் கர்நாடகத்துக் கைகாவில், குடிநீர்க் குளிரூட்டியில் டிரிட்டியம் கலந்த நீர் சேர்ந்திருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஊழியர் அதனைப் பருகிவிட்டனர். அதனைக் கண்டுபிடித்தது எப்படி? ஊழியரின் சிறுநீரை முறையாகச் சோதித்து வந்ததால். சோதனை இருந்த இடத்தில் தீங்கு வெளிப்பட்டது. கருவி இல்லாத இடத்தில் ஆறு பேர் உடலே கருவியாயிற்று.

கூடங்குளத்தைப் பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடித்தால் எங்கள் வீட்டுப் பெண்மக்களே எங்களை ஏற்க மாட்டார்கள். 1988-இல் ரஷ்யரோடு ஒப்பந்தம் செய்து, நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, பின்னர் எழும்பிய நிலையம் அது. 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானின் புகுஷிமாவில் கடல் பொங்கி உலைகள் அழிந்ததைத் தொலைக்காட்சியில் கண்ட இடிந்தகரை மீனவர், அவ்வாண்டே லூர்து மாதா கோயில் முன்றிலில் பந்தலிட்டு அமர்ந்தார்கள். பெண்கள் பந்தலிலேயே பீடி சுற்றினார்கள். அக்கூலியிலிருந்து போராட்டத்துக்கும் பணம் கொடுத்தார்கள். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைத் தம் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். கடல் பொங்காது என்று அவர்களிடம் யாரும் சொல்ல முடியாது. 2012 செப்டம்பரில் கடற்கரையில் கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிந்தார்கள். அரசத் துரோகம் என்னும் குற்றமும் அவற்றுள் ஒன்று. 2013-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்கலாம் எனத் தீர்ப்பளித்து, பாதுகாப்புக்காகப் பல கட்டளைகளும் இட்டது. வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் கூறியது. முதல் உலை 2014 முடிவிலும், இரண்டாவது 2017 மார்ச்சிலும் முறையாக மின்சாரம் வழங்கத் தொடங்கின.

அந்நாட்களில் பாண்டுப்பில் ஒரே வீட்டில் இரு கட்சிகள் இருந்தன. அண்ணன் கூடங்குளத்தில் கம்பி கட்டும் வேலை செய்து பணம் அனுப்பிக் கொண்டிருந்தார். தம்பியின் மாமியார் இடிந்தகரைப் பந்தலில் அமர்ந்திருந்தார். தைப் பொங்கலுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அண்ணனுக்கு ஊரிலேயே வேலை கிடைத்ததால் அவர் பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டியிராமற் போயிற்று. மாமியாருக்கோ, உலையிலிருந்து திரும்பும் வெந்நீர் கடலில் கலந்தால் மீன் எங்கே போகும், பல்லாயிரம் ஆண்டு காக்க வேண்டிய கழிவை யார் காப்பார் என்னும் கவலை. பயன்படுத்திய எரிபொருளைப் பிரித்தெடுத்து, எஞ்சிய கழிவைக் கண்ணாடியில் உருக்கிப் பொதிந்து வைக்கும் ஆலைகள் நம் நாட்டில் உண்டு. ஆனால் அதனை என்றென்றைக்கும் புதைத்து வைக்கும் நிலவறை இங்கு ஒன்றும் திறக்கப்படவில்லை. அவ்வம்மையார் எழுத்தறியாதவர், அவர் கேட்டதோ பெரிய அறிஞர்கள் இன்னும் முழுதும் விடை கூறாத கேள்வி.

இனி வரும் ஆண்டுகளில் உலைகள் பெருகினால் நம் இளைஞர்களும் அவ்வேலைகளுக்கு அழைக்கப்படுவார்கள். போகாதீர்கள் என்று நாங்கள் தடுக்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவரை அனுப்ப வேண்டாம்; சட்டமே அதனை விலக்குகின்றது. போகிறவர்கள் வில்லையின் எண்ணையும், வேலைக்குச் சேர்ந்த நாளையும் விட்ட நாளையும், வாயில் அனுமதிச் சீட்டின் எண்ணையும், ஒப்பந்தக்காரரின் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தம் கையால் எழுதி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பெற்ற அளவை எழுத்தில் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமுள்ளவர்கள், ஞாயிறு தோறும் காலை 10 மணிக்குச் சங்கத்து வாசகசாலைக்கு வரலாம். ஆங்கிலத்திலும் மராத்தியிலும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க இரண்டு அன்பர்கள் இருக்கின்றார்கள். அவர்களுள் ஒருவர் அந்த மாவரைக்கும் அம்மையாரின் மகன். தபால் செலவைச் சங்கம் ஏற்கும்.